சூசை என்ற பெயருக்கு என்ன குறை?

புன்னைக்காயலிலிருந்து நமது வாசகத் தோழர் ஒருவர் ஒரு நீண்ட கடிதம் எழுதி, அதற்கு நமது அபிப்பிராயத்தைப் பத்திரிகை மூலமே தெரிவிக்க வேண்டுமென்று கேட்டிருக்கின்றார். விஷயம் பார்வைக்கு மிகவும் சிறியது. அவருடைய தங்கைக்கு ஆண் குழந்தை பிறந்து ஒன்றரை மாதமாகின்றது. குழந்தைக்கு இன்னும் பெயர் வைத்தபாடில்லை. அதற்குக் காரணம் பெயர் கிடைக்காமற் போனதல்ல. ஒரே பெயர் நாலைந்து வேஷம் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்று, வீட்டைக் கலகமாக்கிக் கொண்டிருப்பதுதான் காரணம்.

குழந்தையின் தகப்பனாரைப் பெற்றவர் பெயர் சூசை. அவர் இப்போது உயிரோடில்லை. பாட்டியார் தமது புருஷன் பெயரையே பேரனுக்கு வைக்க வேண்டுமென்கிறார். குழந்தையின் தகப்பனார் கப்பலில் வேலை செய்கின்றவர். ஸ்பானிய பாஷை பேசும் துறைமுகங்களுக்குப் போய்வருபவர். அவர், “அந்த நாடுகளில் சூசை என்ற பெயரைத்தான் ஹோசே என்கிறார்கள், அப்பா பெயரையும் வைத்தாற் போலிருக்கும், கேட்பதற்கும் நாகரிகமாயிருக்கும்” என்கிறார். பள்ளி ஆசிரியர், இரண்டும் வேண்டாம், ஜோசப் என்றால்தான் நாளைக்கு உத்தியோகத்துக்குக் கௌரவம் என்கிறார். கோவில் உபதேசியார், எந்த உச்சரிப்பில் வைத்தாலும் சரி, புனிதர் பெயராக இருக்கட்டும் என்கிறார். தூத்துக்குடியில் கடை வைத்திருக்கும் எண் சோதிடர் ஒருவர் காசு வாங்கிக்கொண்டு, ஜோசப் என்பதை இங்கிலீஷில் எழுதும்போது ஓரெழுத்தைக் கூட்டிக்கொண்டால் பிள்ளை கலெக்டராவான் என்கிறாராம். இவ்வளவையும் எழுதிவிட்டு நமது தோழர் கேட்கும் கேள்வி என்னவென்றால், “சொந்தப் பெயர் இருக்க அந்நிய நாட்டுப் பெயரை வைப்பது சுயமரியாதைக்கு இழுக்கல்லவா?” என்பதாகும்.

இழுக்கா இல்லையா என்று சொல்வதற்கு முன், இவற்றுள் எது சொந்தம், எது அந்நியம் என்று பார்க்க வேண்டியது அவசியமாகின்றது. தோழர் சூசை என்பதைச் சொந்தப் பெயர் என்றும், ஹோசே என்பதை அந்நியப் பெயர் என்றும் எண்ணிக் கொண்டிருக்கின்றார். உண்மை என்ன? இப்பெயரின் மூலம் யூதர்களுடைய எபிரேய பாஷையிலுள்ள யோசேப் என்பதாகும். “இன்னும் சேரட்டும், பெருகட்டும்” என்பது அதன் பொருள். அது கிரேக்கர் வாயிலும் லத்தீன்காரர் வாயிலும் புகுந்து, ஸ்பெயினில் ஹோசே ஆயிற்று. போர்ச்சுகலில் ஜொசே ஆயிற்று. இத்தாலியில் ஜுசெப்பே ஆயிற்று. இங்கிலாந்தில் ஜோசப் ஆயிற்று. அரபு தேசத்தில் யூசுப் ஆயிற்று. போர்ச்சுகல்காரர் கப்பலில் கொண்டுவந்த ஜொசே என்பதுதான் நமது முத்துக்குளித்துறை மக்கள் வாயில் சூசை ஆயிற்று. எனவே ஹோசேயும் சூசையும் ஒரே வீட்டில் பிறந்த அண்ணன் தம்பிகளேயொழிய, ஒருவர் உள்ளூர்க்காரர், மற்றொருவர் வெளியூர்க்காரர் அல்லர். இருவருமே கப்பலேறி வந்தவர்கள். ஒருவர் வந்து 450 வருஷத்துக்கு மேலாகின்றது. மற்றவர் போன மாதம் வந்திருக்கிறார். வித்தியாசம் அவ்வளவுதான்.

இன்னும் ஒரு வேடிக்கையைப் பாருங்கள். புன்னைக்காயலுக்குத் தெற்கே சில மைல் போனால் காயல்பட்டினம். அங்கே முஸ்லிம் வீடுகளில் யூசுப் என்று கூப்பிட்டால் எத்தனையோ பேர் திரும்பிப் பார்ப்பார்கள். சூசையும் யூசுப்பும் ஒரே பெயர். ஆனால் 16-ஆம் நூற்றாண்டில் முத்துச் சலாபத்தின் பேரால் இந்தக் கரையில் பரதவரும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள். அந்தச் சண்டையில் தங்களுக்கு ஒரு பலம் வேண்டுமென்றுதான் பரதவத் தலைவர்கள் கொச்சிக்குப் போய்ப் போர்ச்சுகல்காரர்களை அண்டினார்கள். அதன் பலனாக 1536, 37-ஆம் வருஷங்களில் சுமார் 20,000 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். வேதத்தை வாசித்துப் பார்த்து, விசாரித்து, மனம் மாறியவர்கள் அவர்களில் எத்தனை பேர் இருந்திருக்க முடியும்? பிழைப்புக்காகவும் உயிருக்காகவும் ஒரு பெரிய ராஜாங்கத்தின் நிழலில் ஒதுங்கினார்கள். நிழல் கொடுத்தவன் பெயரும் கொடுத்தான்.

1542-இல் இக்கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துத் தமது கை ஓய்ந்து போவதாக ஒரு கடிதத்திலும், ஒவ்வொருவருக்கும் அவரவர் புதுப்பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்ததாக இன்னொரு கடிதத்திலும் தாமே எழுதி வைத்திருக்கின்றார். யோசித்துப் பாருங்கள்! காலையில் ஒரு பெயரோடு எழுந்து கடலுக்குப் போன மனிதன், சாயங்காலம் வேறொரு பெயரோடு வீட்டுக்குத் திரும்பினான். அவன் பழைய பெயர் என்ன? நாம் அறியோம். இன்று புன்னைக்காயலில் இருக்கின்ற எந்தப் பாட்டியாரையாவது, “உங்கள் வம்சத்தில் 1536-க்கு முன்னிருந்தவர் பெயர் என்ன?” என்று கேட்டால் அவராலும் சொல்ல முடியாது. பரம்பரைப் பெயரை விடலாமா என்று இன்று கவலைப்படுகிறோமே, பரம்பரைப் பெயர் ஒரு சீட்டு எழுதும் நேரத்தில் போய்விட்டது. அதற்காக யாரும் அன்று பத்திரிகைக்குக் கடிதம் எழுதவில்லை. ஏனெனில் யாரையும் கேட்டுச் செய்யவில்லை.

நாம் இங்கே கிறிஸ்தவர்களை மாத்திரம் குறை சொல்ல வரவில்லை. பெயரால் மனிதனைக் கட்டுவதில் நமது இந்து தர்மம் எல்லோருக்கும் குருவாகும். பார்ப்பானுக்கு மங்களமான பெயரும், க்ஷத்திரியனுக்கு வலிமையைக் காட்டும் பெயரும், வைசியனுக்குச் செல்வத்தைக் காட்டும் பெயரும், சூத்திரனுக்கு இழிவைக் காட்டும் பெயரும் வைக்க வேண்டுமென்று மனு சாஸ்திரம் இரண்டாவது அத்தியாயத்தில் பச்சையாகவே எழுதியிருக்கின்றது. அதன் பலன்தான் நம் கிராமங்களில் குப்பன், பிச்சை, மண்ணாங்கட்டி, அமாவாசை என்ற பெயர்கள். பெண்ணாய்ப் பிறந்துவிட்டால் போதும்பொண்ணு, வேண்டாம் என்ற பெயர்கள். “நீ பிறந்திருக்க வேண்டியதில்லை” என்று பெற்ற பிள்ளையை ஆயுசு முழுவதும் கூப்பிடுவதற்குச் சமமான இந்தக் கொடுமைக்கு முன்னால், ஹோசேயா சூசையா என்பது ஒரு சண்டையா?

நிற்க, அந்நியப் பெயர் என்ற கூச்சலிலும் ஒரு பாதி உண்மைதான் உண்டு. பெயர்கள் எப்போதும் பிரயாணம் செய்துகொண்டே இருக்கின்றன. வருகின்ற பெயரை ஊர் தன் நாக்குக்குத் தக்கபடி செதுக்கிக் கொள்ளுகின்றது. இதற்குப் புன்னைக்காயலை விடச் சிறந்த அத்தாட்சி வேண்டியதில்லை. அந்த ஊரில் நெடுங்காலம் இருந்து தமிழ் படித்து, தமிழில் எழுதி, 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற 16 பக்கத் தமிழ்ப் புத்தகத்தை அச்சிட்ட போர்ச்சுகல் பாதிரியின் பெயர் என்ரிக் என்ரிக்கஸ். அந்தப் புத்தகத்தின் முகப்பிலே அவர் பெயர் எப்படி இருக்கின்றது தெரியுமா? அண்டிறிக்கிப் பாதிரியார் என்று இருக்கின்றது. மற்றவர்களுக்குப் பெயர் கொடுக்க வந்த கூட்டத்தைச் சேர்ந்தவர், தம் பெயரைத் தமிழனுடைய நாக்குக்கு விட்டுக்கொடுத்துவிட்டார். அவரே 1586-இல் புனிதர்களின் சரித்திரத்தையும் தமிழில் அச்சேற்றினார். அப்படிப்பட்ட ஏட்டில் வந்த பெயர்களைத்தான் இன்றைக்கும் கடற்கரையில் பிள்ளைகளுக்கு வைத்துக் கொண்டிருக்கிறார்கள்.

சில பெயர்களைச் செதுக்கினதோடு நிற்காமல் மொழிபெயர்த்தும் இருக்கின்றார்கள். பவுல் என்பதற்கு லத்தீனில் சிறியவர் என்று பொருள், ஆகவே சின்னப்பர். ஸ்தேவான் என்பதற்குக் கிரேக்கத்தில் முடி என்று பொருள்; ஆகவே முடியப்பர். யோவான் என்பதில் கடவுள் அருள் என்ற பொருள் இருப்பதால் அருளப்பர். இத்தாலியிலிருந்து வந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி, தம் முதற் பெயரைத் தைரியநாதர் என்று மாற்றி வைத்துக்கொண்டு, பிறகு வீரமாமுனிவர் என்று நிலைத்தார். அவர் எழுதிய தேம்பாவணியில் கதாநாயகரே இந்தச் சூசைதான். பெருகுதல் என்ற பொருளை வைத்து அவருக்கு வளன் என்று பெயர் கொடுத்திருக்கின்றார். ஆகவே தோழர் வீட்டில் கட்சி கட்டி நிற்கும் பெயர்களோடு, சுத்தத் தமிழில் வளன் என்ற இன்னொன்றும் தயாராக இருக்கின்றது என்பதை அவருக்குத் தெரிவித்துக் கொள்ளுகின்றோம். அதை அவர் வீட்டில் யாரும் நினைக்கவில்லை போலும்!

மற்றொரு சங்கதியையும் சொல்லிவிடுகிறோம். நம் கூட்டத்தாரும் பிள்ளைகளுக்கு வெளிநாட்டுப் பெயர் வைத்தவர்கள்தான். பெரியார் குழந்தைகளுக்கு ரஷ்யா என்றும் மாஸ்கோ என்றும் பெயர் வைத்தது எல்லோருக்கும் தெரிந்தது. 1953 மார்ச்சில் ரஷ்யத் தலைவர் ஸ்டாலின் இறந்தபோது, அதே மாதம் பிறந்த தம் மகனுக்குக் கலைஞர் கருணாநிதி அந்தப் பெயரையே வைத்தார்; அந்தப் பிள்ளை 2021-இல் தமிழ்நாட்டின் முதலமைச்சரானார். ஸ்டாலின் என்பது அந்த ரஷ்யத் தலைவர் பின்னால் சூட்டிக்கொண்ட பெயர். பெற்றோர் அவருக்கு வைத்த பெயர் என்ன? யோசிப். அதாவது நம் புன்னைக்காயல் சூசை! மாதா கோவிலில் வைத்த பெயரும், மாதா கோவிலை வேண்டாமென்றவர்கள் கொண்டாடிய தலைவரின் பெயரும் சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. இதிலிருந்தே பெயரில் நாடும் மதமும் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை என்பதைத் தெரிந்து கொள்ளலாம்.

அப்படியானால் எந்தப் பெயரையும் எப்படியும் வைக்கலாம், அதில் பேசுவதற்கு ஒன்றுமில்லை என்பது நமது அபிப்பிராயமா என்றால், அல்லவே அல்ல. எந்த நாட்டுப் பெயர் என்பது முக்கியமில்லை. என்ன காரணத்துக்காக அந்தப் பெயரை எடுக்கிறோம் என்பதுதான் முக்கியம். சுயமரியாதை இருக்கின்றதா இல்லையா என்பதைக் காரணத்தில்தான் பார்க்க வேண்டுமேயொழிய, உச்சரிப்பில் பார்ப்பதற்கில்லை.

ஹோசே என்ற பெயரை அந்தக் கப்பல்காரத் தோழர் ஏன் விரும்புகிறார்? தூரதேசத்தில் தம்மோடு தோளோடு தோள் நின்று பாடுபட்ட ஒரு தொழிலாளியின் பெயர் என்று பிரியப்பட்டு வைத்தால் அதைப் போன்ற நல்ல காரியம் வேறில்லை. உலகமெல்லாம் உழைப்பவன் ஒரே ஜாதி என்பதற்கு அந்தப் பெயரே ஒரு சாட்சியாக இருக்கும். ஆனால் கடிதத்திலே ஒரு வரி நம் கண்ணில் பட்டது. “சூசை என்றால் பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் மீன் நாற்றம் அடிக்கிறது என்று சிரிக்கிறார்கள், எனக்கு நடந்தது என் மகனுக்கு நடக்கக் கூடாது” என்று அவர் சொன்னாராம். வீட்டுச் சண்டையின் வேர் இங்கேதான் இருக்கின்றது. மற்றதெல்லாம் இலையும் கிளையும்தான்.

அவருடைய மன வேதனையை நாம் அலட்சியம் செய்யவில்லை. சிறு பிள்ளையைப் பெயருக்காகச் சிரித்தால் அது எவ்வளவு ஆழமாகப் பாயும் என்பது பட்டவனுக்குத் தெரியும். தகப்பன் தான் பட்டதைப் பிள்ளை படக்கூடாது என்று நினைப்பதில் குற்றமில்லை. ஆனால் நாம் கேட்பது ஒன்றுண்டு. சிரித்தவன் எதைப் பார்த்துச் சிரித்தான்? பெயரைப் பார்த்தா? சூசை என்ற இரண்டெழுத்தில் மீன் எங்கே இருக்கின்றது? ஜோசப் என்ற அதே பெயரைக் கலெக்டர் ஆபீசில் கேட்டால் எழுந்து நிற்கிறான். சூசை என்று கடற்கரையில் கேட்டால் மூக்கைப் பிடிக்கிறான். பெயர் ஒன்றே. மாறியிருப்பது அதைச் சுமக்கின்றவன் கையிலுள்ள தொழிலும், அவன் குடிசையும், அவன் மடியிலுள்ள காசும்தான். சிரித்தவன் சிரித்தது உழைப்பைப் பார்த்து, வறுமையைப் பார்த்து, ஜாதியைப் பார்த்து. அவனுக்குப் பயந்து நாம் பெயரை ஒளித்தால், “நீ சிரித்தது நியாயம்” என்று அவனுக்கு நாமே சீட்டு எழுதிக் கொடுத்ததாகத்தானே அர்த்தம்?

தவிரவும், ஒளித்தால் ஒளியுமா? நாளைக்கு அந்தப் பிள்ளை ஹோசே என்ற பெயரோடு பள்ளிக்கூடத்துக்குப் போகிறான். ஆசிரியர் அடுத்த கேள்வி கேட்கிறார்: எந்த ஊர்? புன்னைக்காயல். அப்பா என்ன செய்கிறார், தாத்தா என்ன செய்தார்? முடிந்தது. பெயராகிய திரை இரண்டு கேள்விக்குக் கூடத் தாங்காது. திரைக்குப் பின்னால் நிற்கப் பழகிய பிள்ளை மூன்றாவது கேள்விக்குத் தலை குனிவான். திரையில்லாமல் வளர்ந்த பிள்ளை, “என் தாத்தா மீன் பிடித்தார், அவர் பிடித்ததை நீங்கள் சாப்பிட்டீர்கள்” என்று நிமிர்ந்து சொல்லுவான். நாம் வேண்டுவது இரண்டாவது பிள்ளையை. அவன் பெயர் ஹோசேயாக இருந்தாலும் நமக்கு ஆட்சேபணை கிடையாது.

தூத்துக்குடிக்கு 1927-இல் வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் கொண்டுவந்த நகரசபைத் தலைவர் பெயர் குரூஸ் பர்னாந்து. பெயர் முழுவதும் போர்ச்சுகல் சரக்கு. குரூஸ் என்றால் சிலுவை. அதே பெயரைத்தான் அதே கரையில் ஏழை வீடுகளில் சிலுவை என்று வைக்கிறார்கள். தாகத்துக்குத் தண்ணீர் குடித்தவன் எவனாவது, தண்ணீர் கொண்டு வந்தவன் பெயர் எந்த நாட்டுப் பெயர் என்று கேட்டானா? இல்லை. மனிதனுக்குப் பெயரால் மதிப்பு வருவதில்லை. பெயருக்குத்தான் மனிதனால் மதிப்பு வருகின்றது.

இனி, வெளிநாட்டுப் பெயர் வேண்டாம் என்று கூச்சல் போடுகின்றவர்கள் ஒன்றை மாத்திரம் வசதியாக மறந்துவிடுகிறார்கள். அதுதான் பெயருக்குப் பின்னால் தொங்கும் வால். பர்னாந்து, மோத்தா, ரொட்ரிகோ, கொரேரா, விக்டோரியா என்ற இவையெல்லாம் போர்ச்சுகல்காரன் விட்டுச் சென்றவை. இலங்கையில் பெர்னாண்டோ என்றால் பெரும்பாலும் சிங்களவர் என்பார்கள். தூத்துக்குடியில் பர்னாந்து என்றால் பரதவர் என்பார்கள். ஐரோப்பாவிலோ பர்னாந்து என்பது ஒரு ஆளுக்கு வைக்கும் சாதாரணப் பெயர். அதுவும் போர்ச்சுகல்காரன் சொந்தமல்ல. ஜெர்மானிய இனத்தாரிடமிருந்து அவன் வாங்கினது. இப்படி மூன்று கை மாறி வந்த சொல், நம் கரையில் கல்யாணப் பேச்சில் ஜாதி கண்டுபிடிக்கும் கருவியாகிவிட்டது. முன்னால் நிற்கும் ஹோசேயைக் கண்டு அந்நியம் என்று பதறுகிறவர்கள், பின்னால் தொங்கும் அந்நியத்தை ஏன் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்? அது ஜாதியைச் சொல்லுகிறது. அதனால் அது இனிக்கிறது. வேறென்ன காரணம்?

1927 டிசம்பரில் பெரியார் தம் பெயரிலிருந்த நாயக்கர் என்ற வாலை வெட்டினார். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதலாவது மாகாண சுயமரியாதை மாநாடு, ஜாதியைக் காட்டும் பட்டங்களைப் பெயரோடு சேர்க்கக்கூடாதென்று தீர்மானித்தது. அந்தத் தீர்மானம் முதலியாருக்கும் பிள்ளைக்கும் நாயுடுவுக்கும் மாத்திரம் செய்யப்பட்டதன்று. சிலுவை போட்ட ஜாதிப் பட்டத்துக்கும் அது பொருந்தும். ஆகவே நமது தோழர் சுயமரியாதைக்கு இழுக்கு எங்கே இருக்கிறதென்று தேடினால், முன்பாதியில் தேடாமல் பின்பாதியில் தேடுவாராக.

புனிதர் பெயராகத்தான் இருக்க வேண்டுமென்ற உபதேசியார் வாதத்துக்கும் ஒரு வார்த்தை. 1917-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தில், கிறிஸ்தவப் பெயர் வைக்கும்படி பங்குக் குரு பார்த்துக்கொள்ள வேண்டும் என்று இருந்தது உண்மை. ஆனால் 1983-இல் வந்த புதுச் சட்டம் அப்படிக் கட்டாயம் செய்யவில்லை. கிறிஸ்தவ உணர்ச்சிக்கு மாறான பெயர் வேண்டாம் என்பதோடு அது நின்றுவிட்டது. ஆகவே வளன், இளங்கோ, அறிவழகன் என்று வைத்தாலும் அவர்கள் சட்டத்தின்படியே தடை கிடையாது. கோவிலே தளர்த்திய கயிற்றைக் கோவில் வேலைக்காரர் இறுக்குவது நியாயமா?

புனிதர் பெயர் வைத்தால் அவர் காப்பார் என்பதையும் நாம் ஒப்புக்கொள்ள முடியவில்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது, குமரிக் கடலுக்குப் போன மீனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. புனிதர்களின் பெயரைத் தாங்கியவர்கள்தானே அந்தக் கரையில் பெரும்பாலோர்! கடல் யார் பெயரையும் வாசித்துப் பார்த்து அலை எழுப்புவதில்லை. அவர்களைக் காத்திருக்கக் கூடியது முன்கூட்டியே எட்டும் எச்சரிக்கையும், தூரம் எட்டும் கம்பியில்லாக் கருவியும், விரைந்து தேடும் கப்பலுமேயாகும். இவற்றைக் கேட்க வேண்டிய வாயைப் பெயரின் மகிமையைச் சொல்லி அடைத்துவிடுகிறார்கள். சவேரியார் என்ற பெயரே அவருடைய குடும்பத்துக் கோட்டையின் பெயர்தான். அந்நாட்டுப் பாஸ்க் மொழியில் அதற்குப் புதுவீடு என்று அர்த்தம். புதுவீடு என்ற சொல் புயலை நிறுத்துமா என்று பகுத்தறிவுள்ளவர்களே யோசித்துக் கொள்ளட்டும்.

எண் சோதிடரைப் பற்றி அதிகம் எழுதிக் காகிதத்தை வீணாக்க விரும்பவில்லை. இங்கிலீஷ் எழுத்தில் ஒன்றைக் கூட்டினால் கலெக்டராகலாம் என்றால், அந்தச் சோதிடர் தம் பெயரில் இரண்டெழுத்தைக் கூட்டிக்கொண்டு இந்நேரம் கவர்னராகி இருக்கலாமே! காசுக்குக் கடை திறந்து உட்கார்ந்திருப்பதேன்? அதே காசுக்குக் குழந்தைக்குப் பால் வாங்கினால் உடம்பிலாவது ஒட்டும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானதைக் கடைசியில் சொல்லுகின்றோம். நமது தோழர் ஆறு பக்கம் எழுதியிருக்கின்றார். பாட்டியார் சொன்னது, தகப்பனார் சொன்னது, ஆசிரியர் சொன்னது, உபதேசியார் சொன்னது, சோதிடர் சொன்னது எல்லாம் அதில் இருக்கின்றன. தாய்மாமன் என்ற முறையில் தம்முடைய எண்ணத்தையும் எழுதியிருக்கின்றார். ஆனால் பெற்றவள் என்ன சொன்னாள் என்று ஒரு வரி கூட இல்லை. பத்து மாதம் சுமந்தவள், உயிரைப் பணயம் வைத்துப் பெற்றவள், ராத்திரியெல்லாம் விழித்துப் பால் கொடுக்கின்றவள் அந்த வீட்டில்தானே இருக்கின்றாள்? அவள் தோழருடைய கூடப்பிறந்த தங்கை தானே? வெளியூர்ச் சோதிடனுக்குப் பிள்ளையின் பெயரில் ஓரெழுத்து உரிமை உண்டு; பெற்றவளுக்கு ஒரு புள்ளி உரிமை கூட இல்லையா? 1536-இல் கேட்காமல் பெயர் வைத்தான் என்று போர்ச்சுகல்காரனைக் குறை கூறுகின்ற நாம், இன்று நம் வீட்டுப் பெண்ணைக் கேட்காமல் பெயர் வைத்தால் நமக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம்? சுயமரியாதைக்கு இழுக்கு என்று தோழர் தேடுவது அந்தத் திண்ணையிலேயே இருக்கிறது.

ஆகவே நமது முடிவைச் சுருக்கமாகத் தெரிவித்துக் கொள்ளுகின்றோம். முதலாவது, தங்கையைக் கேளுங்கள். தாயும் தகப்பனும் ஒப்புக்கொண்ட பெயரை வையுங்கள். மற்றவர்கள் யோசனை சொல்லலாம், உத்தரவு போட வேண்டியதில்லை. இரண்டாவது, ஜாதி வாலைச் சேர்க்காதீர்கள். முதலெழுத்துப் போதும், அதில் தாயின் முதலெழுத்தும் சேர்ந்தால் நமக்கு மிகவும் சந்தோஷம். மூன்றாவது, அந்தப் பெயர் வீட்டிலுள்ளவர்கள் வாயில் நுழையட்டும். பாட்டியார் கூப்பிட முடியாத பெயர் பேரனுக்கு எதற்கு? ஹோசே என்றால் பாட்டியார் ஓசை என்றுதான் கூப்பிடுவார். அதை அவர் சந்தோஷமாகக் கூப்பிட்டால் அதுவும் சரியே; சூசை பிறந்ததும் அப்படித்தான். நான்காவது, அவசரப்பட்டுச் சண்டை போட வேண்டியதில்லை. 1969-ஆம் வருஷத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி, பிறப்பைப் பதிந்துவிட்டுப் பெயரைப் பின்னால் சேர்க்கலாம். 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமலும், அதன் பின் 15 வருஷம் வரை தாமதக் கட்டணத்தோடும் சேர்க்க இடமிருக்கின்றது. ஆனால் எழுதும்போது தமிழிலும் இங்கிலீஷிலும் எழுத்துப் பிசகாமல் எழுதுங்கள். பதிவில் ஒரு மாதிரியும் பள்ளியில் ஒரு மாதிரியும் எழுதிவிட்டு, நாளைக்குப் பிள்ளை ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டாம்.

குழந்தையின் தகப்பனாருக்கு மாத்திரம் தனியாக ஒரு வார்த்தை. தோழரே, ஹோசே என்று தாராளமாக வையுங்கள். ஆனால் வைப்பதற்கு முன் ஒரு பரீட்சை செய்து பாருங்கள். நாளைக்கு உங்கள் கப்பல் உத்தியோகஸ்தர்கள் நடுவில் நின்று, “என் தகப்பனார் பெயர் சூசை, அவர் புன்னைக்காயலில் வலை இழுத்தவர், அவர் பெயரைத்தான் என் மகனுக்கு வைத்திருக்கிறேன்” என்று குரல் கம்மாமல் உங்களால் சொல்ல முடியுமா? முடியுமானால் ஹோசே, ஜோசப், யூசுப், வளன் எல்லாம் உங்கள் சொத்து. எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். முடியாதென்றால், பெயரை மாற்றி ஆகப் போவதொன்றுமில்லை. மாற்ற வேண்டியது மனத்திலிருக்கும் அந்தக் கூச்சத்தை. அதைப் பிள்ளைக்குச் சொத்தாக எழுதி வைக்க வேண்டாமென்று மிகவும் வணக்கமாகக் கேட்டுக் கொள்ளுகின்றோம்.